நூற்றொரு தோல்விக்குப் பிறகு

பஃபலோவில் டிசம்பர்.
ஏரியிலிருந்து எழுந்து வந்த பனி
எங்கள் மைதானத்தின் எல்லா இருக்கைகளிலும்
டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறது.
செப்டம்பர் முழுக்க நாங்கள் பார்க்காத கூட்டம்.

மூன்றாம் மாடியில் ஹீட்டர் ஓடவில்லை.
ரெனாட்டா வோய்சிக் கோட்டைக் கழற்றாமலே
வெள்ளைப் பலகையில் ஐந்து கோடு போட்டாள்.
ஐந்து நாளைக்கு ஐந்து பிட்சர்கள்.
நான்காவது கோட்டில் மட்டும் ஒரு பெயர்,
பக்கத்தில் கேள்விக்குறி.

முதலாளி காலையிலேயே போனில்:
"லின்ட்ஸ்ட்ராமை வாங்கு. விலை கேட்காதே."
அவனுக்கு முப்பத்து மூன்று வயது.
ஏழு வருடம், இருபத்தோரு கோடி டாலர்.
கடைசி மூன்று வருடம்
எறிவதற்கு அல்ல, முன்பு எங்கோ எறிந்ததற்குச் சம்பளம்.
சுவர் எழும்பாத வீட்டுக்குத்
தேக்குக் கதவு செய்யச் சொல்கிறார்.

மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பான்.
நான் முழங்கை பார்க்கிறவன்.
எறிபவனின் கையைப் படமெடுத்து அனுப்புவார்கள்,
இருட்டறையில் உட்கார்ந்து படிப்பேன்.
உள்பக்கம் ஒரு தசைநார்,
ஷூ லேஸை விட அகலமில்லை.
மணிக்குத் தொண்ணூற்றேழு மைலில் பந்து கிளம்பும்போதெல்லாம்
அது கொஞ்சம் செத்துப் பிழைக்கிறது.

கிழட்டு ஸ்கவுட் ஹோபர்ட் ஸ்லேட்டர்
சூயிங்கத்தை டம்ளர் விளிம்பில் ஒட்டிவிட்டுச் சொன்னார்:
"ஒருத்தனை வாங்காதே, பத்துப் பேரை எடு.
நாலு பேர் கத்திக்குப் போவான்.
மூணு பேர் புல்பென்னில் ஒதுங்குவான்.
ரெண்டு பேர் இன்ஷூரன்ஸ் விற்பான்.
மிச்சம் ஒருத்தன். அவனுக்குப் பேர்தான் ஏஸ்."
எவ்வளவு நாளாகும் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டால் அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்குவார்.

பத்தரை மணிக்கு மேற்குக் கரையிலிருந்து அழைப்பு.
டீக்கன் ஃபெரோ, இருபத்து நான்கு வயது,
இன்னும் ஐந்து வருடம் அணியின் பிடியில்.
கேட்ட விலை: எலியாஸ் ப்ரூயட்.

ப்ரூயட் எங்கள் விதைநெல்.
இருபத்தொரு வயது ஷார்ட்ஸ்டாப்,
தரையில் பந்து உருள்வதற்கு முன்பே
அங்கே போய் நிற்பவன்.
இந்த வருடம் நாங்கள் விற்ற சட்டைகளில்
பாதியின் முதுகில் அவன் பெயர்.
விதைநெல்லைக் குத்திச் சோறாக்குகிறவனுக்கு
அடுத்த போகம் கிடையாது, தெரியும்.
ஆனால் ஃபெரோ சோறா?
ஐந்து போகம் இருக்கிறதே அவனிடமும்.

படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன்.
தசைநாரின் அடியில் சாம்பலாய் ஒரு கீற்று,
பென்சிலால் இழுத்துப் பாதியில் விட்டதுபோல.
சொன்னேன்.
"இந்தக் கீற்று இல்லாதவர்கள் எத்தனை பேர்?" என்றாள் ரெனாட்டா.
எழுபது பேரைப் பார்த்ததில் பதினொரு பேர்.
"அந்தப் பதினொரு பேரை யாராவது விற்கிறார்களா?"

இல்லை.

அவள் போனை எடுத்தாள்.
"ப்ரூயட் கிடையாது.
அந்தக் கீற்றுக்கு விலை குறையும்.
ராம்சி டக்கெட், கூட இரண்டு பையன்கள்."
வைத்துவிட்டார்கள்.
ஹோபர்ட் சூயிங்கத்தை மறுபடி வாயில் போட்டுக்கொண்டார்.
பலகையில் ஐந்து கோடுகள் அப்படியே.

ஒன்றே முக்காலுக்கு போன் அடித்தது.
"மூன்றாவதாக இன்னொரு பையன் வேண்டும்."
ரெனாட்டா என்னைப் பார்த்தாள்.
நான் எதற்காகத் தலையசைத்தேன் என்று
இன்றைக்கும் விளங்கவில்லை.

முதல் கோட்டில் ஃபெரோ என்று எழுதினாள்.
கேள்விக்குறி போடவில்லை.
பிறகு டக்கெட்டைக் கூப்பிட்டாள்.
மனைவி எடுத்தாள் போலிருக்கிறது.
"அவர் தூங்கட்டும், காலையில் பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டு
வெகுநேரம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் அளவு பனி.
ஓர் உருண்டை பிடித்து
விளக்குக் கம்பத்தைக் குறிவைத்து எறிந்தேன்.
படவில்லை.
வலது கை கொஞ்சம் வலித்தது.
இதற்குள்ளும் ஏதோ ஒரு கீற்று இருக்கும்;
யாரும் படமெடுத்ததில்லை.
இன்னொரு உருண்டை பிடித்தேன்.