எத்தனை அங்குலம்

"மடிப்புத் தாளில் இடம் குறைவு.
அவளுடைய இளமையை ஆறு வரிக்குள் முடி"
என்றார் பிரசாரப் பொறுப்பாளர்.
இஷ்பெமிங்கில் எழுத்துக் கோப்பவன் நான்.

எங்கள் ஊர்ச் சுவரொட்டிகளில்
பட்டப்பெயர் முதலில் வரும்,
ஆள் பிறகு வருவார்.
இங்கே வெறும் ஐலா ரவுட்டியோ.
பிறந்தது இவ்வூர். தந்தை கவுண்டி ஊழியர்.
தாய் பள்ளிச் சமையற்கூடம்.
மாநில அவைக்குப் போட்டி.
நாலு வரியிலேயே தீர்ந்துவிட்டது.

மெய்ப்புப் பார்க்க அவளே வந்தாள்,
பூட்ஸ் சேற்றை வாசலில் உதைத்து உதிர்த்துவிட்டு.
"கவுண்டி ஊழியர்" மேல் விரலை வைத்தாள்.
அப்பா வெய்க்கோ பனி தள்ளும் வண்டி ஓட்டினாராம்.
இரவெல்லாம் அவர் சாலையில்,
வசவெல்லாம் வீட்டுத் தொலைபேசியில்.
நாலு மணிக்கே அம்மா மாவு பிசையப் போய்விடுவாள்.
ஒன்பது வயதுப் பெண்
ஸ்டூல் மேல் ஏறி எடுப்பாள்.

எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் வரவில்லை?
உன் அப்பன் தூங்குகிறானா?
நான் வரி கட்டவில்லையா?

கார்ன்ஃபிளேக்ஸ் அட்டையைக் கிழித்துப் பின்பக்கத்தில்
பெயர், தெரு, எத்தனை அங்குலம்.
திட்டியவர் பெயருக்கு அடியில் ஒரு கோடு.
கோடு போட்ட தெருவுக்கு அப்பா முதலில் போவார்.
"அது நியாயமா?" என்றேன்.
"இல்லை. ஆனால் அரசியல்
அன்றைக்கே பாதி புரிந்துவிட்டது."
சிரித்தோம்.
காயாத மை இருவர் விரலிலும் ஒட்டியிருந்தது.

பிறகு சிரிக்காமல் சொன்னாள்.
ஒரு பிப்ரவரியில் மிசஸ் பெலாஞ்சர் திட்டவில்லை.
முடிந்தபோது வரட்டும் கண்ணு,
அவ்வளவுதான்.
பென்சில் முனை உடைந்திருந்தது.
காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று
தூங்கிப்போனாள்.
ஆம்புலன்ஸ் தெருமுனையோடு நின்றுவிட்டது.
இடுப்பளவு பனியில் இரண்டு பேர்
ஸ்ட்ரெச்சரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு
திரும்பி நடந்ததை
பள்ளிப் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தாளாம்.
அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

"இதைப் போடலாமே?"
"வேண்டாம். அவர் மகன்
இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறான்."

மீதி இரண்டு வரியில்
வீட்டுத் தொலைபேசி எண் போதும் என்றாள்.
அப்பா காலத்து அதே எண்.
பொறுப்பாளர் தலையில் அடித்துக்கொண்டார்.
ஐயாயிரம் பிரதி, நீல மை,
பணம் பாதி இன்னும் பாக்கி.

வென்றாள். முந்நூற்றுச் சொச்சம் வித்தியாசம்.
அதில் என் வாக்கு இல்லை;
எனக்கு இந்த நாட்டில் இன்னும் வாக்கு இல்லை.

முதல் பெரும்பனி விழுந்த இரவு
என் தெரு தெரியவில்லை,
என் கார் எந்த மேடு என்றும் தெரியவில்லை.
சும்மாதான் அழைத்துப் பார்த்தேன், மூன்றரை மணிக்கு.
இரண்டாவது மணியில் எடுத்தாள்.
தூக்கக் குரல்.
யார் என்று கேட்கவில்லை.
இழுப்பறையில் எதையோ துழாவும் சத்தம்,
ஒரு பென்சில் உருண்டு
தரையில் விழுந்தது.
"சொல்லுங்கள்" என்றாள்.