வெள்ளை காயும்வரை

ஏறும்போது வெள்ளை.
இறங்கும்போது சிவப்பு.
ஈரத்தின்மேல் சிவப்பை வைத்தால்
இரண்டும் குழைந்து
ஈறு வீங்கிய வாய் மாதிரி ஆகிவிடும்.

ஹினெக் டப்பாக்களைச் சுமக்கிறான்.
வாரம் ஐந்து நாள் பேருந்து ஓட்டுகிறவன்,
சனிக்கிழமை நடந்து தீர்க்கிறான்.
என்னிடம் ஒரு சுரண்டி, கம்பித் தூரிகை,
உள்ளங்கை அகலத்தில் தகர அச்சு.
பீல்கா நிறுத்தத்திலிருந்து
மிலெஷோவ்கா உச்சிவரை
எழுபத்தொரு குறிகள்:
பீச் மரங்களில், கம்பங்களில்,
மரம் இல்லாத இடத்தில் பாறையில்.

குறி போடுகிறவளுக்கு
வழி தெரிந்திருப்பது ஒரு குறை.
ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று
தெரியாதவளாக வேண்டும்.
நேற்றுத்தான் இந்த நாட்டில் இறங்கியவள்,
மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தவள்,
கைபேசியில் சார்ஜ் தீர்ந்தவள்.
அவள் முதலில் எங்கே பார்ப்பாள்?
அங்கே ஒன்று.

பாதி ஏற்றத்தில் கல் மாறுகிறது.
சாம்பல் நிறப் பலகைகள்,
காலில் இடறினால்
பீங்கான் தட்டுபோலக் கிணுங்குபவை.
ஹினெக் ஒன்றை எடுத்து
இன்னொன்றில் தட்டுகிறான்.
"இது வெடிக்காத எரிமலை, தெரியுமா?"
ஆண்டுதோறும் இதே வளைவில் இதே கேள்வி.
அடியிலிருந்து எழுந்த குழம்பு
மண்ணைத் திறக்காமல்
உள்ளேயே நின்று இறுகிவிட்டதாம்.
மேலிருந்த மண்ணை மழை தின்றதாம்,
எத்தனையோ கோடி மழைக்காலம்.
வெளியே வராத நெருப்புக்குத்தான்
இன்று எண்ணூற்று முப்பத்தேழு மீட்டர்.

நான் பதில் சொல்வதில்லை.
சுரண்டுகிறேன்.

முதலில் உதிர்வது என் சிவப்பு.
அதற்கடியில் இன்னொரு சிவப்பு,
லேசாக ஆரஞ்சு அடித்தது,
மலிவு பெயிண்ட் வாங்கிய காலத்தது.
அது ராத்காவின் கை.
இடப்பக்கம் சாயும்.
அச்சு வைத்தும் சாயும்.
அப்பாவின் ஸ்கோடாவையும்
அவள் அப்படித்தான் நிறுத்துவாள்.

என் அக்கா.
பதினோரு வருஷம்.
பெரிய காரணம் ஒன்றுமில்லை,
ஒரு கராஜ், இரண்டு சாவி,
விற்ற பிறகு சொன்னது.
விற்றது நான்.

உச்சியில் மூடுபனி.
தெப்லிட்சே வெந்நீரில் குளிக்க வந்த பிரபுக்கள்
இந்தக் காட்சிக்காகவும் ஏறுவார்களாம்.
இடி மலை என்று பெயரிட்டவர்கள்
ஜெர்மன் பேசினார்கள்,
அவர்கள் வீடுகளில் இப்போது நாங்கள்.
எட்டுத் திக்கும் மலைகள் இருக்க வேண்டும்,
தலையில் கோட்டை உடைந்த மலைகள்.
எட்டுத் திக்கும் பால்.

வானிலைக் கோபுரத்துக் கதவு திறந்து
ஸ்லவோமிர் வெளியே வந்தார்,
வெறுமையை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்,
உள்ளே போய் எழுதினார்:
பார்வைத் தூரம் நாற்பது மீட்டர்.
ஒன்றும் தெரியவில்லை என்பதையும்
மணிக்கு ஒரு தடவை எழுதியாக வேண்டும்.

சூப்பை நீட்டியபடி சொன்னார்:
"ஜூனில் ராத்கா வந்திருந்தாள்."
நான் ரொட்டியைப் பிய்த்தேன்.
"அறுபத்து நாலாம் குறி உயரமாம்.
தெரியவே இல்லையாம்,
பாதை தப்பி வேலிவரை போயிருக்கிறாள்."

அவளுக்கு இந்த வழி
கண்ணைக் கட்டினாலும் தெரியும்.

இறங்கினோம். அறுபத்து நாலு.
காலையில் நான் தீட்டிய வெள்ளை
காய்ந்து, சிவப்புக்குத் தயாராக.
மரத்தின் அடியில் நின்று
முழங்காலைக் கொஞ்சம் மடக்கினேன்.
நான் அவளைவிட ஒரு சாண் உயரம்.
மடக்கிய கண்ணுக்கு
கிளையொன்று குறுக்கே வந்தது.

கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்,
மரத்திடம்தான்.
சுரண்டியை எடுத்தேன்.
ஒரு சாண் கீழே புது வெள்ளை.

"இது காய அரை மணி ஆகும்," என்றான் ஹினெக்,
"நாலு மணி பேருந்து போய்விடும்."
வண்டி ஓட்டுகிறவனுக்கு
அதைத் தவறவிடுவது பெரிய வலி.
போகட்டும் என்றேன்.

அவன் இரண்டு கல்லைத் தேடி எடுத்து
மெல்லத் தட்டத் தொடங்கினான்.
பனிக்குள் யாரோ
கரண்டியால் கோப்பையைத் தட்டி
எதையோ சொல்லப் போவதுபோல் இருந்தது.

விரல் நுனியால் தொட்டுப் பார்த்தேன்.
இன்னும் ஒட்டுகிறது.