குடம்பி

மழை விட்ட மூன்றாம் நாள், கோண்டாவிலில்,
படிவப் புத்தகமும் டோர்ச்சும் ஒரு வெள்ளைக் கோப்பையுமாக
அந்தத் தகரக் கொட்டகைக்குப் போனேன்.
இருநூற்று நாற்பது பிள்ளைகள்.
ஐந்து பேர் இருக்கும் வாங்கில் எட்டுப் பேர்.
முழங்கைகள் முறைவைத்து எழுதின.

பின்பக்கம், தண்ணீர் மோட்டாருக்கு அருகில்
பாதியாய் வெட்டிய நீலப் பீப்பாய்.
தலைகீழாய்த் தொங்கி மூச்செடுத்துக்கொண்டிருந்தவை
வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின.
முப்பதில் எண்ணுவதை விட்டேன்.

உள்ளே பௌதிகவியல் நடந்தது.
விலங்கியலாக இருந்திருந்தால்
பிறகு சொல்வதற்கு நல்லாயிருந்திருக்கும்.

மூன்று நாள் மூடவேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
மதியழகன் சேர் தாளை வாங்கி
சோக்குத் தூள் படாமல் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.
'வெளியில நிக்கிற ஆக்களிட்டச் சொல்லுங்கோ' என்றார்.

வெளியில்,
மோட்டார்சைக்கிள்களில் சாய்ந்தபடி தாய் தகப்பன்மார்.

'மூண்டு நாளோ? சோதினைக்கு இருபத்தாறு நாள்தானே கிடக்கு!'
'நுளம்பு இஞ்ச மட்டுமே? உங்கட கந்தோர்ப் பீலியை ஏறிப் பாத்தனீங்களோ?'
(பார்க்கவில்லை. அடுத்தநாள் பார்த்தேன். இருந்தன.)
'பிள்ளையளுக்கு நித்திரை காணாது, அதுதான் வருத்தம் பிடிக்குது.'
'நித்திரை கொண்டு எந்தப் பிள்ளை மெடிசின் போனது?'
'காய்ச்சல் கிழமைக்குள்ள மாறும். ரிசல்ட் மாறாது, தம்பி.'

மதிலோரம் குடையை விரிக்காமல் பிடித்தபடி ஒருவர்.
நாகேஸ்வரி, இணுவில் மேற்கு.
போன மார்கழியில் அவவின் வீட்டுப் படிவத்தையும்
நான்தான் நிரப்பினேன்.

'எண்பத்தாறு,' என்றா.
'அடுத்தநாள் முப்பத்தெட்டு.
விடிய இருபத்தொண்டு. பின்னேரம் பதினாலு.'

எல்லோரும் பேசாமல் நின்றார்கள்.
ஒரு தகப்பன் மட்டும், என்ன பாடம் என்று கேட்க
வாயைத் திறந்து மூடினார்.
குருதிச் சிறுதட்டுகள், ஆயிரக்கணக்கில்.
பதினாலில் நின்று, பிறகு ஏறியது.
பிள்ளை தப்பிவிட்டான்.
சோதினை தப்பவில்லை.

அவ என் பக்கம் இருக்கிறா என்று நினைத்தேன்.
பெயர்ப்பட்டியலில் முதல் சாட்சி கிடைத்த மாதிரி
பேனையைக்கூட எடுத்துவிட்டேன்.

'ஆனா மூடாதேங்கோ' என்றா.
'அவனுக்கு இது ரெண்டாந்தரம்.'

மூடினேன்.
மூன்றாம் வாங்கில் இருந்த யதுர்சிகா
என்னை அறியாதவள் போலக் கொப்பியை அடுக்கினாள்.
நெற்றிப் பொட்டும் நடையும் என் அம்மாவினுடையவை;
யாரும் கேட்டிருந்தால்
இல்லை என்றே சொல்லியிருப்பாள்.

இரவு வீட்டில் சோறு மட்டும் சூடாயிருந்தது.
'ஊருக்கு எல்லாம் செய்வியள்' என்றா சுகிர்தா,
மிச்சத்தை மிளகாய்த்தூள் போத்தலுக்குச் சொன்னா.

காலை ஆறு. எழும்பவில்லை.
எட்டு. இல்லை.
ஒன்பதரைக்கு நான் போய் நெற்றியைத் தொட்டேன்.
திரும்பி வரும்போது சுகிர்தா எதிரே வந்தா,
அவவும் தொட்டுப் பார்க்கத்தான்.
காய்ச்சல் இல்லை.
நித்திரை.
பதினேழு வயதுப் பிள்ளை பகலில் நித்திரைகொள்வதை
இரண்டு பேரும் வாசலில் நின்று
தெரியாத ஊரைப் பார்ப்பதுபோலப் பார்த்தோம்.

இரண்டாம் நாள், விடிய நாலரை.
மதியழகன் சேர் சூமில் வந்துவிட்டார்.
இருநூற்று இருபத்தொன்பது பேர்.
இதற்கு என்னிடம் படிவம் இல்லை.

வலைக்குள் போன் வெளிச்சம்.
அவள் முகம் நீலமாயிருந்தது.
வலையின் வெளிப்பக்கம், அவள் காதுக்கு நேரே
ஒரு நுளம்பு, இறங்குவதா வேண்டாமா என்று.

இரண்டு கையையும் விரித்தேன்.

அவள் நிமிராமல் ஒரு விரலை உதட்டில் வைத்தாள்,
மைக் திறந்து கிடக்கிறதாம்.

விரித்த கைகளோடு
அப்படியே நிற்கிறேன்.