எட்டாவது வாரத்துப் படிவம்

காப்பீட்டு நிறுவனத்துக்குப் புத்தர் ஒத்துக்கொள்ளாது.
அவரை முதல் பக்கத்திலேயே எடுத்துவிட்டோம்.
தியானத்தைக் கவனப் பயிற்சி ஆக்கினோம்.
வெண்கல மணி போய்
கைபேசியில் ஒரு டிங்.
துக்கத்துக்கு மட்டும்
அவர்கள் பட்டியலில் ஏற்கெனவே ஓர் எண் இருந்தது.

குரோனிங்கனில் நவம்பர்.
மழை இங்கே மேலிருந்து வராது, பக்கவாட்டில் வரும்.
எட்டுப் பேர், எட்டு ஈரக் கோட்டுகள்,
ஹீட்டர்மேல் காயும் கையுறைகளின் கம்பளி வாடை.
ஆளுக்கொரு உலர்திராட்சை உள்ளங்கையில் வைக்கிறேன்.
பாருங்கள். முகருங்கள்.
காதருகே வைத்து உருட்டுங்கள்.
வாயில் போட அவசரமில்லை.

வுப்போ ஸ்டாவர்மன் அதற்குள் விழுங்கியிருந்தார்.
"இன்னொன்று தரட்டுமா?"
"வேண்டாம். திராட்சைதானே. தெரியும்."

முப்பத்தெட்டு வருடம் கால்வாய் மதகில் வேலை.
படகு உள்ளே வரும். பின்கதவை மூடுவார்.
நீர் ஏறும்வரை நிற்பார்.
முன்கதவைத் திறப்பார்.
மகன் யெல்மரைப் புதைத்த மறுநாளும்
பதினேழு படகுகளை அனுப்பிவைத்தாராம்.
சொன்ன குரலில் பெருமை இல்லை,
வேறெதுவும்கூட இல்லை.

இரண்டாம் வாரம் கண்ணை மூடச் சொன்னேன்.
மூச்சை எண்ணச் சொன்னேன், ஒன்று, இரண்டு.
நாற்காலி கீச்சிட்டது.
வெளியே நடைவழியில்
சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
கடைசிப் பதினோரு நாள்
யெல்மருக்காக ஓர் இயந்திரம் மூச்சுவிட்டதாம்.
பக்கத்தில் உட்கார்ந்து
இவர் எண்ணிக்கொண்டே இருந்தாராம்.

என் கையேட்டில் இதற்கு அரைப் பக்கம்.
இரண்டாயிரத்தைந்நூறு வருடத்து மூச்சை
அன்று நான் ஓரமாக வைத்தேன்.
கண் திறந்தே இருக்கட்டும், வுப்போ.
பாதத்தைப் பாருங்கள்.
தரை. காலுறை. இடது பெருவிரலில் ஓர் ஓட்டை.
ஐந்து வாரம் அந்த ஓட்டையைக் கவனித்தார்.
தைத்துக்கொண்டும் வரவில்லை.

அதிகாலை ஐந்தரைக்கு என் வீட்டில்
சுவரைப் பார்த்து உட்காருகிறேன் நான்.
அடைய ஒன்றுமில்லை என்பதே அங்கே விதி.
ஒன்பது மணிக்குக் கணினியைத் திறந்தால்
'அடைந்த முன்னேற்றம்' என்றொரு கட்டம்,
சிவப்பு நட்சத்திரத்தோடு.
நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவிடாது.
இரண்டுக்கும் நடுவே
சைக்கிளில் பதினெட்டு நிமிட எதிர்க்காற்று.
எது என் தொழில் என்று அந்தக் காற்றில்தான் யோசிப்பேன்.
விடை வருமுன் பச்சை விழுந்துவிடும்.

ஏழாம் வாரம், மெல்ல நடக்கும் பயிற்சி.
குதிகால், நடுப்பாதம், விரல்.
மூலையில் காப்பி இயந்திரம்
நீளமாக ஒரு மூச்சுவிட்டது.
வுப்போ நின்றார்.
இருமல் என்றுதான் முதலில் நினைத்தோம்.
அழுது பழகாத தொண்டைக்கு
அந்தச் சத்தம்தான் தெரிந்திருந்தது.
வரி அலுவலகத்து ஹில்லேகியன்
அவர் சட்டைக்கையின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டாள்.
யாரும் எதையும் கவனிக்கச் சொல்லவில்லை.
நேரம் முடிந்து கைபேசி தானாக அடித்தது,
அடித்துக்கொண்டே இருந்தது.

எட்டாம் வாரம் படிவம்.
முதல் நாள் மதிப்பெண் இருபத்தொன்று.
இன்று இருபத்தாறு.
அழுகை பற்றிய கேள்விக்கு அன்று பூஜ்யம், இன்று மூன்று.
துயரத்துக்கு அன்று பூஜ்யம், இன்று இரண்டு.
மற்றதெல்லாம் அப்படியே.
கணினி தானே கூட்டி, தானே எழுதியது:
சிகிச்சை பலனளிக்கவில்லை.

குறிப்பு எழுத இருநூறு எழுத்துக்கு இடம்.
'நீர் ஏறிக்கொண்டிருக்கிறது' என்று அடித்தேன்.
வெள்ள அபாயம் என்று எடுத்துக்கொள்வார்கள்.
அழித்தேன்.
'மேலும் ஆறு அமர்வுகள் தேவை' என்று போட்டேன்.
காரணம் கேட்டது.
மழையைப் பார்த்தேன் கொஞ்ச நேரம்.
'நோயாளி துயரப்படுகிறார்.'
அனுப்பிவிட்டேன்.

கீழே சைக்கிள் கொட்டகையில்
துருப்பிடித்த பூட்டோடு மல்லாடிக்கொண்டிருந்தார் வுப்போ.
நிமிராமலே கேட்டார்,
"செவ்வாய்க்கிழமைதானே?"
அனுமதி வர மூன்று வாரமாகும்.
வராமலும் போகும்.
"செவ்வாய்தான்" என்றேன்.