நொறுங்காத பேருந்து

கில்ட்ஃபோர்டில் மழை.
இரண்டாம் மாடியில் வெண்டெல் ப்ரைக்
காலை ஒன்பதிலிருந்து ஒரே நாற்சந்தியில்
மோதிக்கொண்டிருக்கிறான்.
அதற்குத்தான் சம்பளம்.

டாக்சியைத் தூக்கிப் பால்வண்டிமேல் எறிந்தால்
முப்பதாயிரம் புள்ளி. எண்ணெய் லாரி பற்றிக்கொண்டால்
அதைப்போல் நாலு மடங்கு.
கண்ணாடி சர்க்கரையாய்ச் சொரிகிறது, மெதுவாக,
ரசிக்கவென்றே மெதுவாக.
எந்தக் காரிலும் ஆளில்லை.
ரத்தம் வந்தால் விளையாட்டு கெட்டுவிடும் என்று
முதல் வாரமே எல்லோரையும் இறக்கிவிட்டார்கள்.

மதியத்துக்குமேல் ஒரு நீலப் பேருந்து
நெருப்புக்குள் நுழைந்து
கீறல்கூட விழாமல் வெளியே வந்தது.
மறுபடி மோதினான்.
பதினேழு முறை.
விளக்கு எரிய, வைப்பர் ஆட
அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிழை எண் 4117 என்று தட்டினான்.
'பேருந்து சேதமடைய மறுக்கிறது.'
படித்துப் பார்த்தான். அனுப்பவில்லை.

ஆறரைக்கு நிறுத்தத்தில் நனைந்து நிற்கிறான்,
ஓட்டுநர் உரிமத் தேர்வில் மூன்று முறை தோற்றவன்;
கடைசி முறை, ஒரு புறாவுக்காக
நடுரோட்டில் பிரேக்கை மிதித்ததற்கு.

வந்த பேருந்து பச்சை. முன்பக்கம் லேசாய் நசுங்கல்.
ஓட்டுகிறவளுக்கு முகம் இருந்தது,
ஜலதோஷமும்.
"தொப்பலா நனைஞ்சிட்டீங்களே" என்றாள்
மூக்கை உறிஞ்சியபடி.

இருக்கைகள் காலி. அவன் உட்காரவில்லை.
கம்பியைப் பிடித்துக்கொண்டு,
மஞ்சள் விளக்குக்கெல்லாம்
அவள் கால் பிரேக்குக்குப் போவதையே
பார்த்துக்கொண்டு வந்தான்.