இடது ஒன்று, வலது ஒன்று

ஊத்தான் மெலிந்தாங்கில் படகுக்கு ஸ்பீக்கர் மாட்டுபவள்
நான் ஒருத்திதான்.
அதுவும் மூன்று மாதமாகத்தான்.
அதற்கு முன் கார், வேன்,
ஒருமுறை சவ வண்டி.

நாகரெத்தினம் அண்ணன் செம்பனை ஆலையில்
இருபத்தாறு வருடம் பாய்லர்காரர்.
செகிஞ்சான் மீன் தவுக்கேயிடம்
பதினெட்டு அடி ஃபைபர் படகு வாங்கியிருக்கிறார்,
ஞாயிறுகளில் ஊடாங் பிடிக்க,
கிடைக்காவிட்டாலும் சும்மா போய்வர.
"இன்ஜின தாண்டி கேக்கணும் தங்கச்சி."

இரண்டு ஜோடி எடுத்து வைத்தேன்.
வெள்ளை, எண்ணூற்றைம்பது வெள்ளி:
உப்பு அரிக்காது, வெயிலில் மஞ்சளிக்காது,
முழுக்க நனைந்தாலும் உதறிவிட்டுப் பாடும்.
கறுப்பு, முந்நூற்றுப் பத்து:
பெட்டியின் மேல் ஐந்நூறு வாட் என்று போட்டிருக்கும்.
பெட்டிக்கென்ன, போடும்.

கடையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டன.
நாலு சுவர் இருந்தால்
மட்டமான ஸ்பீக்கருக்கும் மரியாதை கிடைத்துவிடுகிறது.
ஆற்றுக்குச் சுவர் இல்லை.
போட்ட சத்தத்தைத் திருப்பித் தராது,
கடன் வாங்கிய மச்சான் மாதிரி.

ஞாயிறு காலை, நீர் ஏறும் நேரம்,
பேட்டரியும் ஆம்பும் நாலு ஸ்பீக்கரும் ஏற்றிக்கொண்டு
நீப்பா ஓரமாக நடு ஆற்றுக்குப் போனோம்.
ஜெட்டியில் அவர் மனைவி மல்லிகேஸ்வரி,
காதில் போன்.
சோதனைக்குப் பாட்டு வேண்டாம் என்றார்.
போன வருடத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில்
அவரே பதிந்த உறுமி மேளம் போதும்.

முதலில் கறுப்பு.
படகின் தரை நடுங்கியது.
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்,
நெருப்பு மிதிக்கப் போகிறவர் மாதிரி.
"இதான், இதான்" என்றார்.
போனில் அக்கா:
"யாரோ மாவு இடிக்கிற மாதிரி இருக்கு."

அடுத்து வெள்ளை.
உறுமியின் தோல் வேறு, குச்சி வேறு என்று பிரிந்தது.
ஜால்ரா தண்ணீர்மேல் ஓடி அக்கரை ஏறியது.
கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குரல்,
"மழை வருது, செருப்ப எடுங்க!"
"ஐயோ, அது நான்தான்!" அக்கா போனில் கத்தினார்.
நான் திரும்பி அண்ணனைப் பார்த்தேன்.

"எங்க?" என்றார்.
இன்னொரு முறை போட்டேன்.
"எங்கம்மா?"
ஜால்ரா கேட்கிறதா என்றேன்.
"ஜால்ரா இருக்கா அதுல?"

பாய்லர் இருபத்தாறு வருடமாக
மேலிருந்து கீழாக அரித்துக்கொண்டே வந்திருக்கிறது.
மிச்சம் வைத்தது
பாதத்தில் ஏறுகிற சத்தம் மட்டும்.

கொஞ்ச நேரம் படகு தன்பாட்டுக்குச் சுற்றியது.
பிறகு சொன்னார்:
"எடது பக்கம் கறுப்பு, என் காலுக்கு.
வலது பக்கம் வெள்ளை, அவ ஒக்கார்ற எடம்."

அண்ணே, அப்படி மாட்டக் கூடாது என்றேன்.
ஓம் ஒத்துவராது, சமநிலை கெடும்,
பார்ப்பவன் என் கடையைச் சிரிப்பான்.
மீந்த இரண்டை யார் தலையில் கட்டுவது என்றும் கேட்டேன்.
அவர் பாதி விலையெல்லாம் பேசவில்லை,
ஐந்நூற்றெண்பதை எண்ணி வைத்தார்.
பில்லில் ஒரு ஜோடி என்று எழுதி, அடித்து,
திரும்ப அதையே எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து போன்.
"வெள்ளை நின்னுபோச்சாம் தங்கச்சி.
எனக்கு ஒண்ணும் தெரியல.
அவ ஏறி ஒக்காந்ததும் சொல்லிட்டா."

போய்ப் பார்த்தேன்.
ஒரு கம்பி கழன்றிருந்தது.
ஐந்து வெள்ளி வாங்கிக்கொண்டேன்.