சொருகியவை

ஊலு நகரில் மூன்று மணிக்கே பகல் முடிந்துவிட்டது.
கையில் மின்கவ்வி, காதில் பென்சிலோடு
விர்பி பழைய ஆய்வகத்தின் மேசைகளுக்கு அடியில்
தவழ்ந்துகொண்டிருக்கிறாள்.

புதுக் கட்டடத்துக்குப் பசுமைச் சான்று வேண்டும்.
சுவரின் கனம், கண்ணாடியின் அடுக்கு,
விளக்கு, விசிறி, கொதிகலன்
எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது.
சொருகியவைக்கு மட்டும் ஓர் ஊகம்:
சதுர மீட்டருக்குப் பன்னிரண்டு வாட்.
யார் சொன்னது?
அட்டவணை.
அட்டவணைக்கு யார் சொன்னது?
அதற்கு முந்தைய அட்டவணை.

ஒப்பீட்டுக் கட்டடத்திலும் பன்னிரண்டு
கட்டப்போவதிலும் பன்னிரண்டு.
கழித்தால் பூஜ்யம்.
இரண்டு பக்கமும் இருப்பது
இல்லாததற்குச் சமம்.

இன்றிரவு அவள் குறித்துக்கொண்டவை:
கால்சூடேற்றிகள் பதினொன்று.
மீன்கள் போன பிறகும் தொட்டியில்
குமிழ் ஊதிக்கொண்டிருக்கும் குட்டி மோட்டார்.
தூங்குவதாக நடிக்கும் கணினிகள்.
ஒற்றைக் கடுகுக் குப்பியைக்
காவல் காக்கும் குளிர்பெட்டி.

தாழ்வாரக் கோடியில் உறைபெட்டி.
மைனஸ் எண்பது.
கதவில் ஒரு தாள்:
"அணைக்காதீர்கள். திங்கள் வருகிறேன். யார்மோ."
யார்மோ பெர்கனுக்கு வேலை மாறிப் போய்
ஏழு குளிர்காலம் ஆகிறது.
உள்ளே
பனி மூடிய குப்பிகளில் கலைமான் ரத்தம்.

கவ்வியில் எண்ணூற்று முப்பது வாட்.
நாளுக்கு இருபது யூனிட்.
அவள் குடியிருப்பு முழுதும் சேர்ந்தாலும் இத்தனை தின்னாது.

ஆனால் அதன் முதுகு வெதுவெதுப்பாக இருக்கிறது.
காவலாளின் நாற்காலி அங்கேதான் கிடக்கிறது.
யாருடையவோ கையுறைகள் அதன்மேல் உலர்கின்றன.
உறைபெட்டியில்
குளிர் காய்கிறார்கள்.

இதையும் மாதிரியில் ஏற்ற வேண்டும்.
பிடுங்கினால் கொதிகலன் கொஞ்சம் கூடுதலாக எரியும்.
பிடுங்காவிட்டால் ஜூலையில்
இதே சூட்டை வெளியே தள்ள
இன்னொரு இயந்திரம் மூச்சு வாங்கும்.

பன்னிரண்டு பத்தொன்பது ஆகிறது.
இரண்டு பக்கமும் ஏறியதால்
மிச்சம் ஏறக்குறைய அதே மிச்சம்,
சதவீதம்தான் சரிகிறது.
சான்றுக்கு இரண்டு புள்ளி குறையும்.
"பன்னிரண்டுக்கு என்ன குறைச்சல்?"
தொலைபேசியில் மேலாளர் மார்கிட்.
"அதை யாரும் கேள்வி கேட்டதில்லையே."

விர்பி கால அட்டவணையைத் திறக்கிறாள்.
இரவு இரண்டு மணி: 1.
மூன்று மணி: 1.
ஞாயிறு: 1. கிறிஸ்துமஸ்: 1.
எல்லாக் கட்டத்திலும் அதே 1,
கண் மூடாத ஒருவர்
வரிசையில் நிற்பதுபோல.

கிளம்பும்போது, காதிலிருந்து பென்சிலை எடுத்து
யார்மோவின் தாளுக்கு அடியில் எழுதுகிறாள்:

எந்தத் திங்கள்?